கடைசிக் கழுவல்

எங்கள் ஊர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. குக்கரில் எட்டு விசில் விட்டாலும் கல் மாதிரி அப்படியே நிற்கும். அதனால்தான் உங்கள் இருவருக்கும் ரசமும் அப்பளமும் மட்டும் வைத்தேன். இந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி முதலமடை வரைக்கும் வந்த பிள்ளைகளுக்கு ஒரு சாம்பார் வைக்க முடியவில்லையே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள், சந்தோஷம். சோனா கண்ணு, இனி அந்தப் போனில் பதிவைப் போட்டு என் பக்கமாக நகர்த்தி வை. ஃபேன் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடக் கூடாது.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முத்துப்பேச்சி என்ற ஆராய்ச்சி மாணவி, அணுக்கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு பொருளைச் செய்ததாக ரெக்கார்டில் எழுதினாள். அதையே திரும்பச் செய்தபோது பன்னிரண்டு தடவையும் வரவில்லை. முதலில் எழுதிய எண்கள் பொய் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கமிட்டி எழுதி, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது மோகனசுந்தரம் என்ற விஞ்ஞானி நேரில் வந்து, அந்தப் பொருள் வேலை செய்கிறது என்கிறார். அப்படியானால் பன்னிரண்டு தடவை ஏன் தோற்றது? அது தெரிந்தால்தான் அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிற கறையைத் துடைக்க முடியும். அந்த லேபில் அன்று இருந்தவர்களில், அவளைத் தவிர, மிச்சம் இருப்பவள் நான்தான். சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர் அந்த லேப் இருந்த கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். அவர் மஞ்சள்காமாலையில் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அவருடைய வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதுவரை நான் மாந்தோப்பில் காய்களைத் தரம் பார்த்து வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தவள். எட்டாவது வரைக்கும் படிப்பு. இங்கிலீஷை நான் பாட்டில்களின் லேபிள்களில்தான் படித்தேன். தப்பாகப் படித்தால் கை வெந்துவிடும், அதனால் சீக்கிரமே வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஈஸ்வரமூர்த்தி சார் வந்து சேர்ந்தார். கொழிஞ்சாம்பாறைக்காரர். எங்கள் பேச்சையே பேசுகிறவர். அட்டெண்டரை 'வாங்க', 'போங்க' என்று அழைத்த முதல் வாத்தியார் அவர். நான் என்ன கழுவுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தவரும் அவர்தான். அணு உலைக் கழிவில் என்னென்னவோ கலந்து கிடக்குமாம். அதில் சீசியம் முந்நூறு வருடம் அடங்காது. அதை மட்டும் தனியாகப் பிடித்துவிட்டால் மீதியைச் சமாளிப்பது சுலபம். எங்கள் லேபில் அந்த ஆபத்தான சீசியம் கிடையாது. குணத்தில் அதேபோன்ற, சாதுவான சீசியத்தை வைத்துத்தான் வேலை. அதைப் பிடிப்பதற்கு சார் ஒரு ஜெல் செய்வார்.

“இந்த ஜெல்லுக்குள்ள பந்தி மாதிரி எடம் இருக்குதுங்க ராமாத்தா,” என்று ஒருநாள் சொன்னார். “சீசியம் வந்து சேர்ற வரைக்கும் எலை காலியா இருக்கோணும். பொட்டாசியம் அதுக்குப் பங்காளி. அது முந்தி வந்து குந்திக்கிச்சுன்னா, அப்பறம் எந்திரிக்க வெக்கறது செரமம்.”

இதைவிட நன்றாக எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை.

செய்கிற முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் பிடிபடாது. சிர்கோனியம் கரைசலையும் பாஸ்பரிக் அமிலத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் தயிர் மாதிரி உறையும். உலர்த்தினால் கண்ணாடிக் கட்டியாகும். அந்தக் கட்டிகளைத் தண்ணீரில் போட்டால் தானாகவே சிறு சிறு மணிகளாக உடையும். மணிகளை அமிலத்தில் ஊறவைத்து உள்ளே இருக்கும் இடங்களைக் காலி செய்ய வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவ வேண்டும். இந்தக் கடைசிக் கழுவல் மூன்று நாள் வேலை. லிட்மஸ் தாளின் நிறம் மாறாமல் நிற்கிற வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஊற்றினால் மணிகள் மாவாகிவிடும். சார் அதை எந்த மாணவனிடமும் கொடுக்க மாட்டார். என்னிடம்தான் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் அது என் கைவேலை.

ரெக்கார்டில் அந்த மூன்று நாளும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். 'கழுவப்பட்டது' என்று இருக்கும். யார், எந்தத் தண்ணீரில், எத்தனை தடவை என்று எழுதும் வழக்கம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை கண்ணுகளா. ரெக்கார்டை வரிவரியாகப் படித்தும் உங்களுக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது அந்தக் கட்டிகள் மணிகளாக உடைகிற சத்தம். கட்டிகளைத் தட்டத்தில் போடுவதற்கு முன்னால் சார் வராந்தா வரைக்கும் வந்து என்னைக் கூப்பிடுவார். “வாங்க ராமாத்தா, பொரியப் போகுதுங்க” என்பார். இருவரும் தட்டத்தின் மேல் குனிந்து நிற்போம். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று கேட்கும். இரண்டு நிமிடம் இருக்கும். முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். வருடத்துக்கு நாலைந்து தடவை. எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். அவர் வீட்டு அம்மாவே எனக்குத் தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவார்கள். தப்பாக ஒன்றும் எழுதிவிட வேண்டாம்.

முத்துப்பேச்சி வந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றில். குமுளிப் பக்கம் ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்ட வேலை பார்த்த சுருளியம்மாளின் ஒரே மகள். தகப்பன் செல்லத்துரை சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒல்லியான உடம்பு, பெரிய சிரிப்பு. வந்த மூன்றாம் நாளே என்னைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் மத்தியானம் என் தூக்குப்போசியைத் திறந்து பார்ப்பாள்.

“என்ன பெரியம்மா, இன்னைக்கும் ரசந்தானா? ஒங்க ஊருக்கும் பருப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?”

எனக்குப் பிள்ளை இல்லை. அவள்மேல் எனக்கு இருந்தது அன்புதான். கடைசி வரைக்கும் அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

ஒரு வருடம் சார் சொன்னபடியே செய்து பழகினாள். அடுத்த வருடம் தன் யோசனையில் இரண்டு மாற்றம் செய்தாள். தயிர் உறையும்போது கொஞ்சம் வெள்ளீய உப்பைச் சேர்த்தாள். ஒரு நாள் ஊறவைப்பதை நான்கு நாளாக்கினாள். அந்த ஜெல்லையும் நான்தான் கழுவினேன், நல்ல தண்ணீரில், மூன்று நாள். அது மூன்று மடங்கு சீசியத்தைப் பிடித்தது. அளந்து பார்த்த சாயங்காலம் சார் திருவனந்தபுரத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். லேபில் நாங்கள் இருவர்தான். கருவியில் வந்த எண்களை நான் படித்தேன், அவள் எழுதினாள். முப்பத்தேழு எண்கள். ஒவ்வொன்றும் உண்மை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சார் திரும்பி வந்து ரெக்கார்டைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அந்த ஜெல்லில் பாதியை, ரெக்கார்டின் நகலையும் சேர்த்து, மோகனசுந்தரம் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் பார்சலில் அனுப்பினார். பேப்பர் எழுதுவதற்கு இன்னொரு தடவை அதேபோல் வந்தால் போதும், உடனே இரண்டாவது பேட்சைப் போடு என்றார்.

இரண்டாவது பேட்ச் உலர்ந்த அன்று நான் வராந்தாவில் குடுவை துடைத்துக்கொண்டிருந்தேன். சார் வெளியே வந்தார். நான் துணியைக் கீழே வைத்தேன். அவர் என்னைத் தாண்டி, படிக்கட்டில் நின்ற அவளைப் பார்த்து, “முத்து, ஓடி வா, பொரியப் போகுது” என்றார். பிறகு என்னைக் கவனித்து, “ராமாத்தா, மூணு டீ சொல்லிட்டு வந்துருங்க” என்றார்.

மூன்று டீ என்றால் ஒன்று எனக்குத்தான். அதை நான் மறுக்கவில்லை. கேன்டீன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சத்தம் ஓய்ந்திருந்தது. இருவரும் தட்டத்தின் மேல் குனிந்தபடி நின்றார்கள், நான் நிற்கிற பக்கத்தில் அவள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று மாலை, வழக்கம்போல, மணிகளைக் கடைசிக் கழுவலுக்கு என்னிடம் கொடுத்தார்கள்.

வாழைச் சருகை எரித்த சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அதையும் சார்தான் சொல்லித் தந்திருந்தார். வண்ணார்கள் துணி வெளுக்க அதை ஏன் கரைக்கிறார்கள் என்று நான் கேட்டபோது சொன்னது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க எப்போதும் ஒரு டப்பா நிறைய இருக்கும். கரைத்து, தெளிய வைத்து, மூன்று தடவை துணியில் வடிகட்டினால் இளம் டீ நிறத்தில் வரும். அதை ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் கழுவலில் அந்தத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் முறையாகக் கழுவினேன். லிட்மஸ் நிறம் மாறவில்லை. பார்வைக்கு முன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே மட்டும் எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டது.

அந்த பேட்ச் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிடிக்கவில்லை.

சார் கோபப்படவில்லை. ஒரு தடவை தவறுவது சகஜம் என்றார். என்னிடமும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொண்டு வந்து அவர் முன்னாலேயே சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுக் காட்டினேன். உப்பு இருந்தால் கலங்கும், இது தெளிவாக இருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லைதானே. ஜெல்லுக்குள் பொட்டாசியம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. போடாத பொருளை எதற்காகத் தேடுவார்கள்?

முத்துப்பேச்சி அன்று சாப்பிடவில்லை. சனிக்கிழமை அவளை இங்கே அழைத்து வந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தேன். இதோ நீ உட்கார்ந்திருக்கிறாயே கண்ணு, அதே இடத்தில் உட்கார்ந்து தலையைக் காட்டினாள், நான் சிக்கெடுத்தேன். “நீங்க மட்டும் இல்லைன்னா நான் ஊருக்கே ஓடிருப்பேன் பெரியம்மா” என்றாள். அதற்கு முன்னால் எந்தச் சனிக்கிழமையும் அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை. அதுவரை அவளுக்கு அது தேவைப்படவில்லை.

முதல் தடவை கோபத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை கோபத்தில் செய்தவை அல்ல. ஒவ்வொரு பேட்ச் தோற்றதும் அவள் இங்கே வந்தாள். நாலாவது தோற்ற பிறகு சார் மறுபடியும் என்னைத் தட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார். அவளோடு தனியாக நிற்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆறாவதிலிருந்து அவளைக் கூப்பிடுவதே இல்லை. நானும் அவரும் மட்டும் பழையபடி குனிந்து நின்றோம். அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் முடிந்ததும் தலையாட்டினார். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைக்காரிக்கு அடுத்தவர் அழுதால் இனிக்கும் என்பார்கள். அவள் அழுதபோது நானும் கூடவே அழுதேன்.

பதினோரு தடவை அப்படிப் போனது. ஒன்றரை வருடம். உதவித்தொகை நின்றுவிட்டது. அம்மா ஏலக்காய் பறித்து அனுப்பியதில்தான் ஹாஸ்டலில் இருந்தாள். பன்னிரண்டாவதைத் தானே கழுவுவதாகச் சொன்னாள். “ஒங்களுக்குக் கை வலிக்கும் பெரியம்மா, இந்த ஒரு தடவை நான் பாத்துக்கிறேன்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என் கையின் மேல் அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்திருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெட்கமும் வந்திருந்தது. சரி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

மூன்று நாளும் அவளே கழுவினாள். என்னைப் பார்த்துப் பழகியவள், குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் மத்தியானம் மணிகளை வடிகட்டியில் மூடி வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குச் சாப்பிடப் போனாள். போய் வர நாற்பது நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருடக் கைக்கு நாற்பது நிமிடம் போதும்.

அந்த பேட்ச் தோற்றதோடு அவள் என்னைச் சந்தேகப்படுவது நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். முதல் எண்களை உண்மையாகவே பார்த்தோமா, ஆசையில் தப்பாக எழுதிவிட்டோமா என்று என்னிடமே கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு கமிட்டி வந்தது. உங்களைப் போலத்தான், பல்கலைக்கழகத்து ஆட்கள். மூன்று பேர். முதல் பேட்சில் பாதியை வெளியே அனுப்பியிருப்பதாக சார் அவர்களிடம் சொன்னார். அந்த நிலையத்துக்கு இரண்டு தடவை கடிதமும் போட்டிருந்தார். பதில் வரவில்லை. அதில் என் கை இல்லை, அந்தப் பார்சல் அங்கே ஏதோ ஓர் அலமாரியில் கிடந்திருக்கிறது. எனவே எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் வந்து நின்றது. அளந்தபோது வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார்கள். ராமாத்தாள் பெரியம்மா இருந்தாங்க, எண்களைப் படிச்சதே அவங்கதான் என்றாள் முத்துப்பேச்சி. மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். சாரும் திரும்பினார். அவர் கண்ணில் அவ்வளவு பெரிய ஆசையை நான் பார்த்ததில்லை. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பிவிடுவாள். அவருக்கு அவள் திரும்பக் கிடைத்துவிடுவாள்.

“எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்,” என்றேன். “நான் தண்ணி தூக்கறவங்க.”

யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிற அட்டெண்டருக்கு எண் படிக்கத் தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சாருக்குத் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் அவள்தான் பொய் சொல்கிறாள் என்று அவர் முடிவு செய்தார். அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

அவள் வெளியே வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “விடுங்க பெரியம்மா, ஆபீசருங்களப் பாத்ததும் பயந்துட்டீங்க” என்றாள். “ஒங்க வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்ல.” அவளே எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் குடித்தேன்.

மறுநாள் ஆனைக்கரைக்குப் போனாள். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் காய் தரம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தாள். பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம். ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, படிப்பில் கள்ளத்தனம் செய்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் போய்விட்டார்கள். அதில் நிஜமாகவே என் பங்கு எதுவும் இல்லை. வருடா வருடம் மே மாதம் ஒரு கூடை மாம்பழத்தோடு நான் போய்ப் பார்த்து வருவேன். பொள்ளாச்சி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு தூரம் போகவில்லை. சுருளியம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாள். “எம்புள்ளைய நம்புன ஒரே சீவன் நீங்கதான் தாயி” என்பாள்.

சாரும் ரிட்டயர் ஆனார், நானும் ஆனேன். அவர் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, பேப்பரும் தபாலும் படித்துக் காட்டுவேன். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரு கடிதம் வந்தது. முத்துப்பேச்சி பெயருக்கு, சாரின் முகவரியில். அனுப்பியவர் மோகனசுந்தரம். அலமாரியைக் காலி செய்யும்போது பழைய பார்சல் ஒன்று கிடைத்தது, சோதித்துப் பார்த்தேன், உங்கள் எண்கள் அத்தனையும் சரி, உடனே தொடர்புகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். லேபிள் இங்கிலீஷுக்கு அது கஷ்டமான கடிதம் இல்லை.

கரண்ட் பில்லையும் பென்ஷன் கடிதத்தையும் சாருக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கடிதத்தை மட்டும் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த மே மாதம் எடுத்துப் போனேன். கூடையில், வைக்கோலுக்கு அடியில் இருந்தது. அவள் வேலை முடிந்து வந்து மாம்பழத்தை அறுத்தாள், கொட்டையைத் தான் வைத்துக்கொண்டு சதையை எனக்குக் கொடுத்தாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள் கண்ணுகளா. அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் மறுநாளே கிளம்பிப் போய்விடுவாள். பெரிய லேப், பெரிய ஆட்கள். அங்கே யார் அவள் தலைக்குச் சிக்கெடுப்பார்கள்? வைக்கோலோடு திருப்பி எடுத்து வந்தேன்.

அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை அவளுடைய ரெக்கார்டில் இருந்தபடியே புதிதாகச் செய்து பார்த்ததாகவும், கச்சிதமாக வந்துவிட்டதாகவும், அவள் பெயரில் பேப்பர் எழுத வேண்டும் என்றும் இருந்தது. மூன்றாவது கடிதம் இருபத்திரண்டில் வந்தது. அதை எடுத்துப் போக வேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை.

அந்த மூன்றாவது வந்த வாரம் சார் படுக்கையில் இருந்தார். அது கடைசி என்று அவருக்கும் தெரியும். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு எதிரே நாற்காலியில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

“அந்தப் புள்ள விசயத்துல நான் தப்பா கையெழுத்துப் போட்டுட்டனுங்களா ராமாத்தா?” என்று கேட்டார். “நீங்க கூட இருந்தவங்க. சொல்லுங்க.”

கடிதம் என் இடுப்பில் இருந்தது. படித்துக் காட்டியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார் என்று சொல்ல முடியாது. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் போயிருப்பார்.

“இல்லீங்க சார்,” என்றேன். “நீங்க செஞ்சது செரிதான்.”

தலையாட்டினார். இரண்டு நாளில் போய்விட்டார்.

மூன்று கடிதமும் இந்த உறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் தண்ணீரை எந்த அளவில் கரைத்தேன் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் அதேபோல் செய்து பார்த்தால் அதேபோல் தோற்கும். அது போதும் சாட்சிக்கு. பன்னிரண்டு பேட்சையும் கெடுத்தது ராமாத்தாள். கமிட்டியில் பொய் சொன்னது ராமாத்தாள். கடிதங்களை மறைத்தது ராமாத்தாள். முத்துப்பேச்சி எழுதியதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தண்டனை என்ன என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சோனா கண்ணு. நாளைக்கே ஆனைக்கரைக்குப் போய் அவளிடம் இதைச் சொல்லிவிடுவீர்கள் என்று தெரியும். என்னையும் உங்களோடு கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சுருளியம்மாளும் போன வருடம் போய்விட்டாள். இதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை யார் மடியில் விழுந்து அழும்? அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.